கூடங்குளமா, கமுதியா? கரண்டுக்கு ஒரு கொள்முதல் கணக்கு



கரண்ட் பில் வரும் வாரத்தில் நம் கடைத்தெருவில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஒரு தரப்பார், "கூடங்குளம் வந்தும் ஏன் ரேட் குறையவில்லை, இன்னும் நான்கு அணு உலை வந்தால்தான் விடிவு" என்பார்கள். இன்னொரு தரப்பார், "அணு உலையை மூடிவிட்டுக் காற்றாலையும் சோலாரும் போட்டால் போதும், காற்றும் வெயிலும் நம் ஊரில் கொட்டிக் கிடக்கிறதே" என்பார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சரக்கை வாங்கி இருப்பு வைத்து விற்கிறவர்கள் நாம். அந்தக் கண்ணோடு பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும் என்பதால் இதை எழுதுகிறோம்.

நாம் இருப்பது ஒரு தீவு. அக்காள்மடத்தில் எரியும் பல்பாக இருந்தாலும், பாம்பனில் ஓடும் ஐஸ் பிளாண்டாக இருந்தாலும், அதற்கான மின்சாரம் கடலைத் தாண்டித்தான் வருகிறது. அரிசி மூடையும் எண்ணெய் டின்னும் பாலம் ஏறி வருவது போலத்தான் அதுவும். அங்கே கொள்முதலில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இங்கே விலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

முதலில் ஏன் இந்தப் பேச்சே வந்தது என்று பார்ப்போம். நிலக்கரியை எரித்தால் கரியமில வாயு வருகிறது. அது வானத்தில் போர்வை போலச் சேர்ந்து பூமியைச் சூடாக்குகிறது. சூடான காற்று ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு டிகிரிக்கு 7 சதவீதம் அளவுக்குக் கூடும் என்பது கணக்கு. பிடித்து வைத்ததை ஒரே நாளில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை 2024 நவம்பர் 20-ம் தேதி நாம் பார்த்தோம். ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அதைவிடக் குறைவு என்றாலும் கொட்டித் தீர்த்தது. தரையோடு தரையாகச் சரக்கு அடுக்குகிறவர்களுக்கு அது என்ன கணக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. சீனி மூடை நனைந்தால் திரும்ப வருமா? மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறி 2010-லும் 2016-லும் பவளப் பாறைகள் வெளுத்துப் போயின. பாறை வெளுத்தால் மீன் குறையும், மீன் குறைந்தால் நம் கடன் நோட்டு தடிக்கும். ஒவ்வொரு மழைக்கும் இதுதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரி நாட்கள் அடிக்கடி வரும் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே கரியைக் குறைக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று அணு. மற்றது காற்று, வெயில், தண்ணீர். அரசாங்கத் தமிழில் 'புதுப்பிக்கத்தக்க எரிசக்தி'. ஓடும்போது இரண்டிலுமே புகை இல்லை.

கூடங்குளத்தின் கதையைத் தேதியோடு சொன்னால்தான் அதன் வியாபாரம் புரியும். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் செய்தார்கள். பிறகு சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. கட்டுமானம் தொடங்கியது 2002-ல். 2011 மார்ச்சில் ஜப்பானில் புகுஷிமா விபத்து நடந்ததும் இடிந்தகரை மக்கள் போராட்டம் உச்சத்துக்குப் போனது. நம் ஊர்ப்பிள்ளை அப்துல் கலாம் அவர்கள் அந்த வருடம் நவம்பரில் நேரில் போய்ப் பார்த்து, உலை பாதுகாப்பானது என்று சொன்னதோடு, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு 200 கோடி ரூபாய்க்கு ஒரு வளர்ச்சித் திட்டமும் எழுதிக் கொடுத்தார். இடிந்தகரைக்காரர்கள் அதை ஏற்கவில்லை. நம் தீவிலும் அப்போது வீட்டுக்கு வீடு இரண்டு கட்சி. பேய்க்கரும்பில் அவர் சமாதிக்கு மாலை போடுகிற மீனவரே கூடங்குளம் வேண்டாம் என்று சொல்வதை இன்றும் கேட்கலாம். அதில் நமக்கு ஆச்சரியமில்லை. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலையை இயக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த அக்டோபரில் முதல் உலையின் மின்சாரம் கம்பிக்கு வந்தது. இரண்டாவது உலை 2016-ல்.

ஒப்பந்தத்திலிருந்து மின்சாரம் வரை 25 வருடம்! முதல் இரண்டு உலைகளுக்கு 13,171 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடு 22,000 கோடியைத் தாண்டியது. முதலை இத்தனை காலம் முடக்கி வைக்க நம்மில் யாரால் முடியும்? அரசாங்கத்தால் மட்டுமே முடியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. முடக்கிய பிறகு வரும் சரக்கு நல்ல சரக்கு. ஒரு உலை 1,000 மெகாவாட். 24 மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு 2 கோடியே 40 லட்சம் யூனிட். ராத்திரி, பகல், மழை, வெயில் எதுவும் பார்க்காது. விலையும் யூனிட் 4 ரூபாயை ஒட்டித்தான். ஆனால் அந்த மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் தமிழ்நாட்டுக்கு. மீதி மற்ற மாநிலங்களுக்குப் போகிறது. "கூடங்குளம் வந்தும் ஏன்" என்ற கேள்விக்கு ஒரு பாதி பதில் அங்கே இருக்கிறது.

இன்னொரு பாதி: பெரிய மண்டி ஒன்றை மட்டும் நம்பிக் கடை நடத்துகிறவனுக்கு வரும் சங்கடம். மண்டிக்காரர் ஒரு நாள் கதவைச் சாத்தினால் அன்றைக்கு நம்மிடம் ஒரு மூடைகூட இருக்காது. உலை பழுதாகி நின்றால் ஒரே நொடியில் 1,000 மெகாவாட் காணாமல் போகும். எரிபொருள் மாற்றவும் பராமரிக்கவும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிறுத்துவார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் கழிவு. தீர்ந்த எரிபொருளை முதலில் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் குளிர வைக்க வேண்டும். பிறகும் அது தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்க வேண்டிய பொருள். சரக்கு விற்றுப் பணம் வந்த பிறகும் காலிச் சாக்கை வெளியே போட முடியாத வியாபாரம் இது. கூடங்குளத்தில் அந்தச் சாக்கை அடுக்க ஒரு தனி இடம் கட்டுவது பற்றி 2019 ஜூலையில் வைத்திருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பினால் ஒத்திவைக்கப்பட்டது. மீன் பிடிக்கிறவர் பயப்படுவதற்குக் காரணம் இல்லை என்று கரையில் உட்கார்ந்திருக்கும் நாம் சொல்லக்கூடாது. உலையைக் குளிர்விப்பது அதே கடல்தான்.

இனி நம் மாவட்டத்துச் சரக்குக்கு வருவோம். கமுதி என்றால் முன்பெல்லாம் மிளகாய் வற்றல்தான் ஞாபகத்துக்கு வரும். 2016 செப்டம்பரில் அங்கே அதானி நிறுவனம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை முடித்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே மிகப் பெரியது அது என்று பேசப்பட்டது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், கட்டி முடிக்க எடுத்துக்கொண்டது எட்டு மாதம். 25 வருடம் எங்கே, எட்டு மாதம் எங்கே! இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே உலகம் முழுவதும் முதலீட்டுப் பணம் சோலார் பக்கம் ஓடுகிறது.

விலையையும் பாருங்கள். கமுதி மின்சாரத்தை மின்வாரியம் வாங்க ஒப்புக்கொண்டது 2015-ல், யூனிட் 7 ரூபாய் 1 காசு. அதற்கு இரண்டே வருடம் கழித்து, 2017-ல் விட்ட டெண்டரில் 3 ரூபாய் 47 காசுக்குக் கொடுக்க ஆள் வந்துவிட்டது. பாதி விலை. விலை இறங்குகிற சரக்கை 25 வருட ஒப்பந்தத்தில் உயர்ந்த விலைக்கு வாங்கிப் போடுவது எப்படிப்பட்ட கொள்முதல் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்றைய நிலவரம் அது என்று சொல்வார்கள், இருக்கட்டும்.

ஆனால் 648 மெகாவாட் என்ற எண்ணைக் கேட்டு, "உலையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட வந்துவிட்டதே" என்று நினைத்துவிடக் கூடாது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மெகாவாட் என்பது தராசின் கொள்ளளவு; யூனிட் என்பது நிறுத்துக் கொடுத்த சரக்கு. கமுதியில் ஒரு நாளைக்கு 5 மணி நேர முழு வெயில் என்று தாராளமாக வைத்தால் 32 லட்சம் யூனிட் வரும். உலை ஒன்று ஒரே நாளில் கொடுப்பதைக் கமுதி கொடுக்க ஏழெட்டு நாள் ஆகும். அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு, நம் கடைகளில் விளக்குப் போடுகிற நேரத்தில், கமுதி கடையைச் சாத்திவிடும்.

காற்று வேறு மாதிரி. கச்சான் அடிக்கிற மாதங்களை நம் கடற்கரைக்குச் சொல்லித் தர வேண்டாம். வைகாசியில் ஆரம்பித்து ஆவணி, புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று கொட்டும். தமிழ்நாட்டில் 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் சின்னதாகத் தொடங்கிய காற்றாலை இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் காற்றிலிருந்து வந்தது. கூடங்குளத்தின் இரண்டு உலையும் முழு வேகத்தில் ஓடினால்கூட ஒரு நாளைக்கு 5 கோடியை எட்டாது. ஆனால் அதே காற்றாலைகள் தை, மாசியில் பெரும்பாலும் சும்மா நிற்கும்.

நெத்திலி மலையாக வந்து இறங்கிய நாளில் ஐஸ் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? கேட்ட விலைக்குப் போகும், மீதி கருவாடாகும், அதுவும் மிஞ்சினால் மணலில் கொட்டுவார்கள். மூன்றாம் நாள் மீன் வராது. அன்றைக்கு விலை ஆகாயத்தில் இருக்கும். காற்று மின்சாரம் ஆடியில் படுகிற பாடு இதுதான். வாங்கிக்கொள்ள இடமில்லை என்று காற்றாலையை நிறுத்தி வைக்கச் சொன்ன நாட்கள் உண்டு. அதே வருடத்தில் மின்வெட்டும் உண்டு. 2012-ஐ யாரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு இரண்டு மணி நேரம், நம்மைப் போன்ற வெளி மாவட்டங்களுக்கு 14 மணி நேரம்வரை. எங்கள் மண்டியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பில் போட்டோம். ஐஸ் பெட்டி வைத்திருந்த சில்லறைக் கடைக்காரர்கள் அதை உப்பு வைக்கிற பெட்டியாக மாற்றிக்கொண்டார்கள்.

ஆக, அணுவா காற்றா என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது, கிடங்கு எங்கே என்பதுதான். மின்சாரம் உற்பத்தியான நொடியிலேயே விற்றாக வேண்டிய சரக்கு. அதற்குக் கிடங்கு கட்டிவிட்டால் காற்றும் வெயிலும் பருவச் சரக்காக இருந்தாலும் கவலையில்லை; சீசனில் கருப்பட்டி வாங்கி வைத்து வருடம் முழுதும் விற்பதில்லையா?

கிடங்கு ஒன்று நம்மிடம் 1980-களிலேயே வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. கோவை மாவட்டத்தில் ஆழியாற்றுக்கு மேலே காடம்பாறை என்ற இடம். மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் கீழ் அணையிலிருந்து தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவிடுவார்கள். தேவை ஏறும் நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி 400 மெகாவாட் எடுப்பார்கள். ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரத்தில் கொஞ்சம் சேதாரம் உண்டு. கிடங்கில் எடை குறைவது போலத்தான். அடுத்ததாக நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி ஒன்றைப் பல வருடமாகக் கட்டி வருகிறார்கள். பெரிய பெரிய பேட்டரிகளை அடுக்கி மாலை நேரத்துக்கு மின்சாரம் சேமிக்கவும் டெண்டர்கள் வர ஆரம்பித்திருக்கின்றன. 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கடும் கோடை, எங்கு பார்த்தாலும் ஏசி. இந்த அளவு தேவைக்குக் காடம்பாறையின் 400 என்பது பெரிய சந்தைக்கு நடுவே ஒரு பெட்டிக்கடை. இன்னும் எத்தனை கட்ட வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஜெர்மனி நாட்டில் இதைச் செய்து பார்த்தார்கள். புகுஷிமாவுக்குப் பிறகு முடிவெடுத்து, ஒவ்வொன்றாக மூடி, 2023 ஏப்ரல் 15-ம் தேதி கடைசி மூன்று அணு உலைகளையும் நிறுத்தினார்கள். இன்று அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றும் வெயிலும் மற்ற புதுப்பிக்கத்தக்க வகைகளும்தான். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் 2022-ல் ரஷ்யாவிலிருந்து எரிவாயு வரத்து தடைப்பட்டபோது, ஓரங்கட்டி வைத்திருந்த நிலக்கரி நிலையங்களைத் திரும்ப ஓட்ட வேண்டி வந்தது. புகையில்லாத உலையை முதலில் மூடிவிட்டுப் புகையுள்ளதைக் கையில் வைத்துக்கொண்டதால் வந்த சங்கடம் அது. நம் மத்திய அரசு நேர் எதிர்த் திசையில் போகிறது. 2025 பட்ஜெட்டில், 2047-க்குள் அணு மின்சாரத்தை 1,00,000 மெகாவாட் ஆக்குவோம் என்றார்கள். அன்றைக்கு இருந்தது 9,000-க்கும் குறைவு. கூடங்குளத்திலேயே மேலும் நான்கு உலைகள் கட்டப்படுகின்றன.

எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டால் இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் உலைகளை இன்றைக்கு மூடச் சொல்வது, கடன் அடைத்து முடித்த லாரியைப் பழைய இரும்புக்குப் போடுவது போல. முதலில் ஓய்வு கொடுக்க வேண்டியது தூத்துக்குடியில் 1979 முதல் கரி எரித்து வரும் பழைய யூனிட்டுகளுக்கு. ஆனால் புதிதாகப் போடும் ரூபாய் அடுத்த உலைக்குப் போவதைவிடக் காற்றுக்கும் வெயிலுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிடங்குக்கும் போவதே நல்ல கொள்முதல். இடிந்தகரைக்காரர்களின் பயத்துக்கும் அதுவே மரியாதை. இதை ஒப்புக்கொள்ளாத உறுப்பினர்கள் உண்டு. அவர்கள் எழுதினால் இதே பக்கத்தில் வெளியிடலாம்.

காற்று என்றால் கேடே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். எதிர்க்கரை மன்னாரில் 2020 டிசம்பரில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், இயங்கத் தொடங்கின. 2025-ல் மேலும் கட்ட வந்தபோது அந்தத் தீவு மக்கள் தெருவில் இறங்கினார்கள். தண்ணீர் வடியும் பாதை அடைபடுகிறது, மீன்பிடி கெடுகிறது என்பது அவர்கள் முறையீடு. நம் பக்கத்திலும் 2024 ஜூனில் கடலுக்குள் காற்றாலை நட மத்திய அமைச்சரவை ரூ.7,453 கோடி ஒதுக்கியது. குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மீனவக் குடும்பங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அவர்களுக்கு அரிசி, பருப்பு கடன் கொடுத்து, படகு இறங்கிய பிறகு வசூலிக்கிறவர்கள் நாம். கடலுக்குள் தூண் நடும்போது வலை போடும் இடம் எது, படகு போகும் பாதை எது என்று அவர்களை உட்கார வைத்துக் கேட்காமல் நட்டால், முதல் அடி அவர்களுக்கு, இரண்டாவது அடி நம் கல்லாவுக்கு. கூடங்குளத்தில் கேட்காமல் விட்டதன் விலையை எல்லோரும் பார்த்தாயிற்று.

இனி நம் கடை மாடிக்கு வருவோம். பலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். சிலர் ஏமாந்தும் இருக்கிறார்கள்.

முதல் விஷயம், பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் கிடைக்கும் 78,000 ரூபாய் வரையிலான மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். கடை இணைப்புக்குக் கிடையாது. "நான் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆனால் நமக்கு வேறொரு லாபம் இருக்கிறது. கடை இணைப்பில் 100 யூனிட்டைத் தாண்டினால் 2024 ஜூலையிலிருந்து யூனிட் 10 ரூபாய்க்கு மேல். அதோடு நிலைக்கட்டணம் தனி. ஒவ்வொரு யூனிட்டை மிச்சம் பிடித்தாலும் பத்து ரூபாய் மிச்சம்.

ஒரு நடுத்தர மளிகைக் கடை. ஒரு டீப் ஃப்ரீசர், ஒரு ஃப்ரிட்ஜ், நாலு ஃபேன், விளக்குகள், பில் மெஷின். நாளைக்கு 12 யூனிட் என்று வைப்போம். ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு சராசரி 4 யூனிட் தரும். சுமார் 100 சதுர அடி மாடி வேண்டும். இரண்டு கிலோவாட் போட்டால் 8 யூனிட். அதில் பகலிலேயே நம் கடை 6 யூனிட்டைச் செலவழித்துவிட்டால் நாளைக்கு 60 ரூபாய், வருடத்துக்கு 21,600 ரூபாய் மிச்சம். பேட்டரி இல்லாமல் எல்லாம் சேர்த்து 1,30,000 ரூபாய் ஆகிறது என்று கொண்டால் ஆறு வருடத்தில் முதல் திரும்பும். பேனல் 25 வருடம் உழைக்கும். இன்வெர்ட்டரை நடுவில் ஒரு தடவையாவது மாற்ற வேண்டி வரும். மீதி 2 யூனிட்டை மின்வாரியத்துக்குக் கொடுத்தால் நமக்கு விற்கும் விலைக்கு அவர்கள் வாங்க மாட்டார்கள். ஆகையால் தேவைக்கு மேல் பெரிதாகப் போட வேண்டாம். பகலில் எவ்வளவு ஓடுகிறதோ அந்த அளவே போதும். 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. கொட்டேஷனில் பழைய விகிதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது விஷயம் மிக முக்கியம். 'ஆன்-கிரிட்' என்று விற்கும் சாதாரண அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வெயில் சுள்ளென்று அடித்தாலும் நிற்கும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு நம் பேனலிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. மின்வெட்டிலும் ஃப்ரீசர் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய 'ஹைப்ரிட்' வாங்க வேண்டும். செலவு கூடும், முதல் திரும்பும் காலமும் கூடும். ஐஸ்கிரீமும் பாலும் அதிகம் விற்கிற கடைக்கு அது தகும். பலசரக்கு மட்டும் விற்கிற கடைக்குத் தகாது.

மூன்றாவது, நம் உப்புக் காற்று. உள்நாட்டில் போடும் சாதாரண இரும்பு நட்டு போல்ட்டை இங்கே போட்டால் இரண்டு மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டும் நல்ல கனமான துத்தநாக முலாம் பூசிய ஸ்டாண்டும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். புயல் காற்றுக்குத் தாங்கும்படி கான்கிரீட்டில் ஸ்டாண்டைப் பதிக்க வேண்டும். தகரக் கூரை மேல் போடுகிறவர்கள் முதலில் கூரையின் உறுதியைப் பார்க்கவும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் பேனலைக் கழுவ வேண்டும். கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றினால் வெள்ளைப் படலம் பிடித்து வெளிச்சத்தை மறைக்கும்.

நம்மில் பாதிப் பேர் வாடகைக் கடை. மாடி கட்டட உரிமையாளருடையது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, மாடியில் பேனல் வைக்கவும் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகவும் உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் போய்க் கேட்பதைவிட இருபது கடைகள் சேர்ந்து ஒரே கொட்டேஷன் கேட்டால் விலையும் இறங்கும், சர்வீசுக்கு ஆளும் தீவுக்குள் வந்து தங்குவார். விருப்பமுள்ள உறுப்பினர்கள் கடைசி ஆறு கரண்ட் பில்களின் நகலையும் மாடியின் நீள அகலத்தையும் குறித்துக்கொண்டு அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரவும்.